ஆளுக்கும் ஒரு சீட்டு

1953-இல் திருப்பூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குக் கறுப்புக் கோட்டோடு வந்து சேர்ந்த சென்னியப்பனுக்கு முதல் மூன்று வருடம் பெரிய வேலை மைக்கூட்டைப் பார்த்துக்கொள்வதுதான். அவருடைய ஆபீஸ் ஒரு பனியன் கம்பெனியின் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறை. மேலே பவர் டேபிள் ஓடும். ஒரே மோட்டாரில் பத்துப் பன்னிரண்டு தையல் மெஷின்கள் வரிசையாக ஓடுகிற நீள மேசைக்கு ஊரில் அதுதான் பெயர். அது ஓடினால் கட்டடமே மெல்ல நடுங்கும். வக்கீலின் மேசைமேல் இருக்கிற மைக்கூடு நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிடும். நடுவுக்குத் தள்ளிவைப்பார். அரை மணி நேரத்தில் மறுபடி ஓரத்தில் நிற்கும்.

அப்பா சேவூரில் கைத்தறி நெய்தவர். மகன் சட்டம் படித்துவிட்டதால் சொத்து வழக்காக வந்து குவியும் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். வந்து குவிந்ததெல்லாம் சந்தேகக் கேஸ்.

சந்தேகக் கேஸ் என்றால் இதுதான். கம்பெனியில் ஒருவன் எதிர்த்துப் பேசுவான். மறுநாள் டீக்கடையில் நிற்கிறவனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போகும். வீட்டார் ஸ்டேஷனில் போய்க் கேட்டால் அப்படி யாரும் இங்கே இல்லை என்பார்கள். நாலாம் நாள் அவன் நொண்டிக்கொண்டு மாஜிஸ்திரேட் முன்னால் வந்து நிற்பான். பிடித்த ஆளை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் கோர்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சென்னியப்பன் எழுந்து அதைச் சொல்வார். போலீஸ் தரப்பு மறுக்கவே மறுக்காது. "இன்று காலை ஆறு மணிக்குத்தான் பிடித்தோம்" என்பார்கள். காலில் காயம்? "வரும்போதே இருந்தது." கடிகாரம் அவர்கள் கையில் இருந்தது. சட்டம் மட்டும் இவர் கையில் இருந்து என்ன செய்ய?

இதற்கு வழி ஒரு துணி மூட்டையிலிருந்து வந்தது.

1956-இல் கிட்டுசாமி என்ற ஆள் ஆபீசுக்கு வந்தார். நொய்யல் கரையில் ஒரு சலவைப்பட்டறையில் டெலிவரி பார்த்துக்கொண்டிருந்தவர். வக்கீலைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒரு மூட்டைத் துணி காணோம் என்று அவர்மேல் திருட்டுப் புகார் எழுதப்பட்டிருந்தது.

திருப்பூரில் துணி ஒரு இடத்தில் இருக்காது. நிட்டிங்கிலிருந்து சலவைக்கு, சலவையிலிருந்து கட்டிங்குக்கு, அங்கிருந்து தையலுக்கு, தையலிலிருந்து செக்கிங்குக்கு என்று ஊர் முழுக்க வண்டியில் அலையும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு சீட்டு. அண்ணன் தம்பிக்குள்ளும் சீட்டில்லாமல் ஒரு முழத் துணி கைமாறாது. மூட்டை தொலைந்தால் யாரும் கூச்சல் போடுவதில்லை. கடைசியாகக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் யார் என்று பார்ப்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர் அவர். பஞ்சாயத்து அவ்வளவுதான்.

கிட்டுசாமி மடியிலிருந்து சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்க வக்கீலு, மூட்டை எங்கீன்னு என்னையக் கேக்கறாங்க. நான் குடுத்தனுங்க. அவிய வாங்கீட்டாங்க. இந்தா கையெழுத்து. இதுக்கு மேல நானென்னத்தச் சொல்லோணும்?"

மாஜிஸ்திரேட் முன்னால் அந்த வழக்கு பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. ஆனால் சென்னியப்பன் சீட்டைத் திருப்பித் தராமல் வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"கடைசி வரியில 'நிலை'ன்னு போட்டிருக்குதே, அது எதுக்குங்க?"

"அதுதானுங்க முக்கியம். குடுக்கையிலயே பாத்து எழுதீரோணும். கறையா, கிழிசலா, ஓட்டையான்னு. இல்லீன்னா அவிய கிழிச்சுப்போட்டு, வரும்போதே இப்பிடித்தான் இருந்துச்சும்பாங்க."

வக்கீல் எழுந்து நின்றுவிட்டார்.

"பட்டறையில எத்தனை வருசமா இருக்கறீங்க?"

"பதினொண்ணுங்க. ஏனுங்க?"

"நாளையில இருந்து எனக்குக் குமாஸ்தாவா வந்துருங்க."

"எனக்குச் சட்டம் தெரியாதுங்களே."

"எனக்குத் தெரியுமுங்க. அது பத்த மாட்டீங்குது."

இருவரும் உட்கார்ந்து ஆள் சீட்டு ஒன்றை எழுதி அச்சடித்தார்கள். அதில் ஐந்து வரி என்று சிலர் சொல்வதுண்டு, ஆறு. ஆள் பெயர், பிடித்த இடம், பிடித்த நேரம், காரணம், நிலை, கொண்டுபோகிறவர் கையெழுத்து. நிலை என்ற வரியை விடக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர் கிட்டுசாமி. நடுவில் கார்பன் வைத்து இரண்டு தாள். ஒன்று வீட்டாருக்கு, ஒன்று வக்கீலுக்கு.

இதைக் கேள்விப்பட்ட மற்ற வக்கீல்கள் சிரித்தார்கள். எந்தப் போலீஸ்காரர் கையெழுத்துப் போடுவார்? சென்னியப்பனுக்கும் அதே சந்தேகம் இருந்தது. கிட்டுசாமிக்கு மட்டும் இல்லை. அவருக்குத் திருப்பூரைத் தெரியும்.

முதல் சீட்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் எழுதப்பட்டது. நல்லான் என்ற நிட்டிங் மெஷின்காரனை ஏட்டு ஒருவர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். கிட்டுசாமி குறுக்கே போய், ஆறு வரியில் ஐந்தை மளமளவென்று நிரப்பி, புத்தகத்தையும் பென்சிலையும் நீட்டினார். அந்த ஏட்டின் வீட்டில் மனைவி பனியன் மடித்துக் கொடுக்கிற வேலை செய்தாள். கம்பெனி வண்டி வரும்போதெல்லாம் மூட்டையை வாங்கிக் கையெழுத்துப் போடுவது ஏட்டுதான். நீட்டிய புத்தகத்தை வாங்கினார், கையெழுத்துப் போட்டார், தேதியும் போட்டார், திருப்பிக் கொடுத்தார். நாலடி போன பிறகுதான் நின்றார்.

"யோவ், எதுக்குய்யா அது?"

"சரக்குக் கைமாறுச்சுங்களே, அதுக்குத்தானுங்க" என்றார் கிட்டுசாமி.

மறுநாள் மாலை நல்லானை வீங்கிய உதட்டோடு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, காலை ஆறு மணிக்குப் பிடித்ததாக வழக்கம்போலச் சொன்னார்கள். சென்னியப்பன் சீட்டை நீட்டினார். முந்தின நாள் மாலை நாலரை மணி. நிலை: காயம் ஏதும் இல்லை. கீழே ஏட்டின் கையெழுத்து. மாஜிஸ்திரேட் தஞ்சாவூர்க்காரர். அப்படி ஒரு காகிதத்தை அவர் வேலையில் சேர்ந்ததிலிருந்து பார்த்ததில்லை. இரண்டு முறை படித்துவிட்டு நல்லானை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

கையெழுத்துப் போடாமல் இருக்கப் போலீஸ் பழகிக்கொள்வதற்கு அதன்பிறகு இரண்டு வருடம் பிடித்தது. பாவம், கை தானாகப் போய்விடும். அவர்கள் பழகியபோது சீட்டும் பழகிவிட்டது. போலீஸ் மறுத்தால் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேர் சாட்சியாகப் போடலாம் என்று சென்னியப்பன் ஒரு வரி சேர்த்தார். கம்பெனிக்கு ஒரு புத்தகம் போயிற்று. அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்காரர்கள்கூட வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஆண்களைத்தான் பிடிப்பார்கள் என்பதால் புத்தகம் பெண்களிடம் இருந்தது.

அவர்களில் கெட்டிக்காரி மயிலாள். செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனை டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பி, ஒரு கண்ணி விட்டிருந்தாலும் கண்டுபிடித்துத் தூக்கி எறிவாள். அவள் புருஷன் லிங்கசாமி அதே கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். சங்கத்துக்காரன். அவன் தைத்ததையும் வாரத்துக்கு இரண்டு தூக்கி எறிவாள்.

"ஊட்டுக்காரன் தச்சதுன்னு பாக்க மாட்டியா?" என்று அவன் கத்துவான்.

"ஊட்டுக்காரன்னுதான் ரண்டோட உட்டேன்" என்பாள்.

இப்படியே பதினைந்து வருடம் போனது. வக்கீலுக்குத் தலை நரைத்தது. அவர் எதிர்த்த இன்ஸ்பெக்டர்கள் பதவி உயர்ந்து போனார்கள். திருப்பூருக்கு வெளியே யாரும் அந்தச் சீட்டை மதிக்கவில்லை. கோயமுத்தூர் கோர்ட்டில் ஒருமுறை, "இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?" என்று கேட்டுத் தள்ளிவிட்டார்கள். அது சென்னியப்பனை உறுத்திக்கொண்டே இருந்தது. 1971 தேர்தலில் ஒரு கட்சிக்காரர்கள் வந்து நிற்கச் சொன்னபோது, அவர் கேட்டது ஒன்றுதான்: ஆள் சீட்டை மாநிலம் முழுக்க விதியாக்க முடியுமா? முடியும் என்றார்கள். அரசியல்வாதிகள் இல்லையா, சீட்டு எதுவும் எழுதித் தரவில்லை.

அவர் மனைவி கமலாம்பாள் வேறொன்று கேட்டார்.

"ஏனுங்க, மந்திரியானா மத்தியானச் சோத்துக்காச்சும் நேரத்துல வருவீங்களா?"

"எம்.எல்.ஏ.வே இன்னும் ஆகுல. அதுக்குள்ள மந்திரிங்கறயே."

"உங்கள அங்க கூட்டீட்டுப் போயி ஒரு நாற்காலியில உக்கார வெச்சாத்தான் இங்க நிம்மதியா இருக்கலாம்னு எல்லாருமே நினைக்கறாங்க. பாருங்க, நடக்கும்."

நடந்தது. ஜெயித்தார். தொழிலாளர் துறையைக் கொடுத்தார்கள்.

சென்னையில் அரசாங்க பங்களா, தோட்டக்காரர், வாசலில் காவல். மந்திரியைப் பார்க்க வருகிறவர் பெயர், ஊர், காரணம் எழுதி வாசலில் சீட்டுக் கொடுக்க வேண்டும். கிட்டுசாமி ஊரிலிருந்து முதல் முறை போனபோது அந்தச் சீட்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"நெம்பச் சந்தோசமுங்க" என்று உள்ளே வந்து சொன்னார். "ஆனா 'நிலை' இல்லீங்களே. உள்ள போறப்ப எப்பிடிப் போனான், வெளிய வர்றப்ப எப்பிடி வந்தான்னு எப்பிடிங்க தெரியும்?"

சென்னியப்பன் பதவியேற்ற வாரத்திலேயே ஆள் சீட்டைப் பற்றி நாலு பக்கக் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார். அது உள்துறைக்குப் போனது. அங்கிருந்து சட்டத்துறைக்கு, சட்டத்துறையிலிருந்து நிதித்துறைக்கு. அச்சுச் செலவு யாருடையது என்று நிதித்துறை கேட்டது. பதினான்கு மாதம் கழித்து, தொழிலாளர் துறையின் கருத்தைக் கேட்டு அவர் மேசைக்கே திரும்பி வந்தது. "முழுமனதோடு ஆதரிக்கிறேன்" என்று எழுதி அனுப்பினார். மறுபடி முதலிலிருந்து புறப்பட்டது. துணி மூட்டை திருப்பூர் முழுக்கச் சுற்றினாலும் கடைசியில் பனியனாகி வெளியே வரும். இது சுற்றிக்கொண்டே இருந்தது.

1973 மார்ச்சில் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலைநிறுத்தம் வந்தது. கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மத்தியானம் அரை மணி நேரம் மெஷினை நிறுத்த வேண்டும், எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதுவரை முறைபோட்டுத்தான் சாப்பிட்டார்கள். ஒருவன் சாப்பிடும்போது பக்கத்து மெஷின்காரன் அவன் வேலையையும் பார்ப்பான். பத்தொன்பது நாள் ஆகியும் முடியவில்லை. தொழிலாளர் மந்திரியே நேரில் போய்ப் பேசட்டும் என்று சென்னையில் முடிவானது.

பயணியர் பங்களாவில் தங்கினார். காலையில் முதலாளிகள் பேசிவிட்டுப் போனார்கள். பத்து மணிக்குச் சங்கத்தார் வர வேண்டும். சங்கத்துக்கு இப்போது தலைவன் லிங்கசாமி. வரத் தயங்கினான். போலீஸ் அவனை ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தது. "நானிருக்கறேன், தைரியமா வரச் சொல்லுங்க" என்று சென்னியப்பன் கிட்டுசாமியிடம் சொல்லி அனுப்பினார். லிங்கசாமி வந்தான், மூன்று மணி நேரம் பேசினான், சிரித்துக்கொண்டே வெளியே போனான். பங்களா கேட்டைத் தாண்டியதும் ஒரு போலீஸ் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மூன்று மணிக்கு மயிலாள் வந்தாள். வாசல் காவல்காரர் சீட்டு எழுதச் சொன்னதற்கு, "நானே கொண்டாந்திருக்கறேன்" என்று கையிலிருந்த புத்தகத்தைக் காட்டிவிட்டு நேராக உள்ளே வந்தாள். பின்னால் கிட்டுசாமி.

"ஸ்டேசன்ல கேட்டுட்டமுங்க. அப்பிடி யாரும் இல்லீங்கறாங்க" என்றார் கிட்டுசாமி. "பொழுது எறங்கறதுக்குள்ள எழுத வெக்கலீன்னா வேற ஸ்டேசனுக்கு மாத்தீருவாங்க. அப்பறம் எங்கீன்னு போயித் தொளாவறது? போன மாசம் உடுமலைப் பக்கம் ஒருத்தன அப்பிடித்தான் மாத்துனாங்க. திரும்பி வர்றப்ப வலது கைய மடக்க முடியலீங்க."

டெய்லருக்கு வலது கை போனால் என்ன மிச்சம் என்று அங்கே யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் எஸ்.பி.க்குப் போன் போடறேன் மயிலா" என்றார் சென்னியப்பன்.

"போன் போடுங்க சாமி, வேண்டாங்குல. மொதல்ல இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"நானா?"

"பேச வாங்கன்னு ஆளனுப்புனது நீங்க. காலைல பத்து மணிக்கு முழுசா இந்த ஊட்டுக்குள்ள வந்தாரு. கடைசியாக் கைமாறுனது உங்ககிட்டத்தானுங்க. மூட்டை காணோம்னா நான் யார்கிட்டீங்க போறது?"

மந்திரியின் பி.ஏ. குறுக்கே வந்தார். சென்னைக்காரர். "சார், இதெல்லாம் கூடாது. நீங்க எழுத்துல குடுத்தா நாளைக்கு கோர்ட்ல கவர்மெண்டுக்கு எதிரா எக்சிபிட் ஆயிடும். ஆறு மணிக்கு மெயில், டிக்கெட் ரெடியா இருக்கு. போய்ட்டு அங்கிருந்து பேசிக்கலாம் சார்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. சென்னியப்பன் பதினைந்து வருடம் அப்படிப்பட்ட எக்சிபிட்டுகளைக் கொண்டுதான் பிழைத்தவர். எஸ்.பி.க்குப் போன் போட்டார். எஸ்.பி. முகாமில் இருப்பதாகச் சொன்னார்கள். எந்த ஊரில் முகாம் என்று கேட்டார். தெரியாது என்றார்கள். வைத்துவிட்டு, மயிலாள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆள் பெயர் லிங்கசாமி. இடம் பயணியர் பங்களா. வந்த நேரம் காலை பத்து ஐந்து. காரணம், பேச்சுவார்த்தைக்கு நான் அழைத்தது. 'நிலை' என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றது. பிறகு எழுதினார்: நல்ல நிலை, இடது பெருவிரலில் பழைய ஊசிக் காயம் ஒன்று தவிர வேறில்லை. கையெழுத்துப் போட்டார். பதவிப் பெயரையும் போட்டார்.

"இனி நாந்தான் பதில் சொல்லோணும். வாங்க போலாம்" என்று எழுந்தார்.

கார் முன்னால் வந்து நின்றது. அவர் ஏறாமல் நடந்தார். பங்களாவிலிருந்து ஸ்டேஷன் அரை மைல். மந்திரி நடப்பதால் காவலுக்கு வந்த போலீஸ்காரர்கள் நாலு பேரும் பின்னால் நடந்தார்கள். அதைப் பார்த்து, வேலையில்லாமல் டீக்கடைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். பின்னால் காலி கார் ஊர்ந்து வந்தது. ஸ்டேஷன் வாசலுக்குப் போனபோது முந்நூறு பேர் இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தொப்பியைத் தேடி மாட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயா நீங்க எதுக்கு வரணும்? ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

"போன்ல கையெழுத்து வாங்க முடியாதுங்களே. லிங்கசாமி எங்கீங்க?"

"அப்படி யாரும் இங்க இல்லையே ஐயா."

மயிலாள் வாசற்படியைக் காட்டினாள். அங்கே ஒரு ஜோடிச் செருப்புக் கிடந்தது. ஒன்றின் வார் அறுந்து பனியன் துணியால் முடிந்திருந்தது.

"அப்ப இது யாருதுங்க? நேத்துத்தான் நான் முடிஞ்சுவுட்டேன். முடிச்சு நம்முளுது."

இன்ஸ்பெக்டர் செருப்பைப் பார்த்தார். சென்னியப்பன் வாசலில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வக்கீல் காலத்துப் பழைய இடம். உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றார். இன்ஸ்பெக்டரின் சங்கடம் அதிகமானது.

"ஐயா, தப்பா நினைக்கக் கூடாது. நீங்க என்னவா உக்காந்திருக்கீங்கன்னு தெரிஞ்சா நல்லது. மந்திரின்னா நான் நின்னுட்டே இருக்கணும். வக்கீல்னா வெளிய போகச் சொல்லணும்."

"மூட்டை வாங்குன ஆளா உக்காந்திருக்கறேனுங்க. நீங்க உக்காந்துக்கலாம்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. இன்ஸ்பெக்டர் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை; ஜன்னல் விளிம்பில் பாதி சாய்ந்துகொண்டார்.

ஐந்து மணிக்குச் சென்னையிலிருந்து ஸ்டேஷனுக்கே போன் வந்தது. கட்சித் தலைமையிலிருந்து ஒருவர். சென்னியப்பன் உள்ளே போய்ப் பேசினார். "ஆமாங்க", "தெரியுமுங்க", "இல்லீங்க" என்ற மூன்றுதான் வெளியே கேட்டது. கடைசியில் இன்னொரு "இல்லீங்க". திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, காரை ரயில்வே ஸ்டேஷனுக்கு அனுப்பி டிக்கெட்டை ரத்துசெய்யச் சொன்னார். பி.ஏ. தலையில் கைவைத்துக்கொண்டார்.

அந்த உத்தரவைக் கேட்டதும் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். ஆளை மாற்ற வேண்டுமானால் இந்த முந்நூறு பேர் நடுவில், இந்த மந்திரியின் கண் முன்னால்தான் கொண்டுபோக வேண்டும். உள்ளே போய் லிங்கசாமியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

லிங்கசாமி நன்றாகத்தான் நடந்து வந்தான். "ஒண்ணுமில்ல மயிலா, சும்மா" என்றான். மயிலாள் அவன் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. தோளைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். முன்பக்கம், பின்பக்கம். வலது கையைத் தூக்கி மடக்கி நீட்டிப் பார்த்தாள். மடங்கியது. சட்டையைப் பின்னால் தூக்கினாள். தோள்பட்டைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குச் சிவந்து தடித்திருந்தது.

"டேமேஜ்" என்றாள். புத்தகத்தை எடுத்தாள்.

கிட்டுசாமி எழுதினார். நேரம் ஐந்து நாற்பது. நிலை: முதுகில் ஒரு தடிப்பு, நீளம் ஒன்பது அங்குலம். புத்தகத்தை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். அவர் திருப்பூர்க்காரர் இல்லை, கை தானாகப் போகவில்லை.

"கையெழுத்துப் போட்டா என் வேலை போயிரும் ஐயா" என்றார், சென்னியப்பனுக்கு மட்டும் கேட்கும்படி.

"நான் போட்டுட்டனுங்க. என் வேலையும் போயிரும்னுதான் நினைக்கறேன்" என்றார் சென்னியப்பன். "மேல ஒரு சீட்டுல நான் போட்டிருக்கறேன் பாருங்க. கீழ எடம் இருக்குது."

இன்ஸ்பெக்டர் மேல் சீட்டைப் படித்தார். பத்து ஐந்து, நல்ல நிலை. நடுவில் ஏழரை மணி நேரம். அதில் மூன்று மணி நேரம் பங்களாவில் போனது; மிச்சம் யாருடையது என்று ஸ்டேஷன் வாசலில் நிற்கிற முந்நூறு பேருக்கும் தெரியும். கொண்டுவரச் சொன்ன முதலாளி அங்கே இல்லை, அனுப்பச் சொன்ன மேலதிகாரி முகாமில் இருந்தார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை லிங்கசாமி மாஜிஸ்திரேட் முன்னால் நின்றான். முதுகுக் காயத்தைப் பற்றி வாக்குமூலம் கொடுக்கச் சென்னியப்பன் சாட்சிக் கூண்டில் ஏறினார். இருபது வருடத்தில் அந்தக் கூண்டுக்குள் நின்று கோர்ட்டைப் பார்த்ததே இல்லை. அங்கிருந்து பார்க்க அது வேறு அறைபோல இருந்தது என்று பிறகு கிட்டுசாமியிடம் சொன்னார்.

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். "சாட்சி என்ன தொழில் செய்கிறார்?"

"மந்திரியா இருக்கறேனுங்க."

"எதுவரை?"

"ஆட்சேபிக்கிறேன்! கேள்வி வழக்குக்குச் சம்பந்தமில்லாதது" என்று சாட்சியே கத்திவிட்டார்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "சாட்சி ஆட்சேபிக்க முடியாது மிஸ்டர் சென்னியப்பன்."

"மன்னிக்கோணுமுங்க. பழக்கதோசம்."

கோர்ட்டு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. மாஜிஸ்திரேட் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். லிங்கசாமியை விடுதலை செய்தார். ஒன்பது அங்குலத் தடிப்பை யார் போட்டது என்று விசாரித்து அறிக்கை தரச் சொன்னார். லிங்கசாமி படியிறங்கி வந்து செருப்பை மாட்டினான். அவன் முன்னால் நடக்க, மயிலாள் பின்னாலேயே போனாள், முதுகிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சென்னையில் சென்னியப்பனுக்கு இரண்டு வழி சொன்னார்கள். கூட்டத்தின் நெருக்கடியில், மனம் சரியில்லாத நேரத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் இருக்கலாம். இல்லாவிட்டால் ராஜினாமா.

"நெருக்கடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நெம்பத் தெளிவாத்தான் இருந்தேன்" என்றார். ராஜினாமா மூன்று வரிதான். ஆள் சீட்டுக் குறிப்பு அப்போது நிதித்துறையில் இருந்தது.

பங்களாவைக் காலி செய்த அன்று கமலாம்பாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே, "ரண்டு வருசத்துல ஒரு நாளாச்சும் மத்தியானச் சோத்துக்கு நேரத்துல வந்தீங்களா?" என்று கேட்டார்.

"இனி வருவேன்."

"கோர்ட்டுக்குப் போனா எங்கீங்க வரப் போறீங்க" என்று சாக்கின் வாயை இறுக்கினார்.

வேலைநிறுத்தம் அந்த மாதக் கடைசியில் முடிந்தது. மத்தியானம் அரை மணி நேரம் மெஷின் நிற்கும் என்று ஒப்பந்தம். புதிய மந்திரி வந்து கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார். லிங்கசாமிக்கு முதுகு ஆறப் பத்து நாள் ஆனது. பதினோராம் நாள் பவர் டேபிளில் உட்கார்ந்தான். அன்று மாலை அவன் தைத்ததில் மூன்று பனியனை மயிலாள் தூக்கி எறிந்தாள்.

மந்திரியாக இருந்தவர் மறுபடி வக்கீல் தொழில் பார்க்க வேண்டுமானால் விண்ணப்பம் எழுதிக் கேட்க வேண்டும். படிவத்தில், "தொழிலை நிறுத்தியதற்குக் காரணம்" என்று ஒரு வரி இருந்தது. "மந்திரியாக இருந்தேன்" என்று எழுதினார். அடுத்த வரி, "மீண்டும் தொடங்குவதற்குக் காரணம்." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காணாமல் போன ஆள் கிடைத்துவிட்டார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

விளங்கவில்லை, விளக்கம் தேவை என்று படிவம் திரும்பி வந்தது. கிட்டுசாமி அவரிடம் காட்டாமலே புதுப் படிவம் வாங்கி, அந்த வரியில் "சொந்தக் காரணம்" என்று எழுதி, கையெழுத்துக்கு மட்டும் நீட்டினார். சென்னியப்பன் ஒரு மனுவைப் படித்துக்கொண்டே வாங்கினார், கையெழுத்துப் போட்டார், தேதியும் போட்டார், திருப்பிக் கொடுத்தார். பதினைந்து நாளில் அனுமதி வந்துவிட்டது.